ஹனோய் டு சைகோன்: லைட் பீர், பிளாஸ்டிக் ஸ்டூல், கூடவே மச்சான்

ஹனோய், வியாழன் ராத்திரி

வந்து இறங்கியாச்சு மக்களே. விசா கதை, ஃபிளைட் கதை, சிம் கார்டு எங்க வாங்கறது, இதெல்லாம் யூட்யூப்ல ஏகப்பட்ட பேர் சொல்லிட்டாங்க, அதனால அத விட்டுடறேன். இந்த ட்ரிப்புல எனக்கு ஒரே வேலை தான், வியட்நாம்காரன் தினமும் ஆஃபீஸ் முடிச்சு குடிக்கற சாதா லைட் பீர அவன் உக்கார்ற எடத்துல உக்காந்து குடிச்சு பாக்கணும், வடக்குல ஆரம்பிச்சு தெற்கு வரைக்கும். ஏரி, பகோடா, மியூசியம் எல்லாம் மச்சான் டிபார்ட்மெண்ட்.

மச்சான்னா வீட்டம்மாவோட தம்பி. சொட்டு தொட மாட்டான். அவன் கூட வர்றான்னு சொன்னதுக்கு அப்பறம் தான் எனக்கு பர்மிஷனே கிடைச்சுது. ஏர்போர்ட்லயே கிளியரா சொல்லிட்டான், "மாமா, நானா போய் அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா அக்கா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." நியாயமான டீல், கைய குடுத்துட்டேன்.

இங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர் பல வருஷமா வேலைல இருக்காரு. சாயங்காலம் ஓல்டு குவார்ட்டர்ங்கற பழைய ஊர் பகுதில இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு முக்குக்கு கூட்டிட்டு போனாரு. கடைன்னு சொல்லவே முடியாது, ஒரு வீட்டு வாசல், ஒரு ஸ்டீல் பேரல், மிச்சம் எல்லாம் ப்ளாட்பாரம். நம்ம ஊர்ல எல்கேஜி புள்ளைங்க உக்கார்ற சைஸ்ல பிளாஸ்டிக் ஸ்டூல், உக்காந்தா முட்டி நெஞ்சுக்கு வந்துடுது. பேரல் பக்கத்துல ஒரு அம்மா, கைல ரப்பர் ட்யூப், அத கட்டை விரலால அமுக்கி புடிச்சுட்டு வரிசையா வெச்ச கிளாஸ் மேல அப்படியே நகத்திட்டே போறாங்க, ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவுல நிறுத்தறதே இல்ல, சிந்தற நுரை எல்லாம் கீழ இருக்கற பேசின்ல விழுது. அண்ணன் விரல்ல ரெண்டுன்னு காட்டினாரு, அஞ்சு செகண்ட்ல வந்துருச்சு.

இது தான் பியா ஹோய். ஒரு கிளாஸ் பத்தாயிரத்துலேருந்து பதினஞ்சாயிரம் டோங், நம்ம காசுக்கு 35லேருந்து 50 ரூபா. ஆல்கஹால் 3லேருந்து 4 சதவீதம் தான். வெளிர் மஞ்சள் கலர், கசப்பு ரொம்ப கம்மி, கேஸும் கம்மி, தொண்டைல உறுத்தாம எறங்குது. முதல் வாய் குடிச்சதும் எனக்கு தோணினது "இதுல என்ன இருக்கு"ங்கறது தான், உண்மைய சொல்லிடறேன். அரை மணி நேரம் கழிச்சு தான் புரிஞ்சுது, இதுல ஒண்ணும் இல்லாதது தான் இதோட வேலையே. கிளாஸ் கைல இருக்கு, பேச்சு போயிட்டே இருக்கு, தலை தெளிவா இருக்கு.

மச்சானுக்கு ஐஸ் போட்ட டீ, "ட்ரா தா"ன்னு சொல்றாங்க, பக்கத்துல வேற ஒரு பாட்டி விக்கிறாங்க, அத வாங்கிட்டு வந்து இதே டேபிள்ல உக்காந்தான், யாரும் ஏன்னு கேக்கல. சூரியகாந்தி விதைய கொறிச்சுட்டு எங்கள விட ரெண்டு மடங்கு பேசினான்.

தூக்கம் வருது. நாளைக்கு எழுதறேன்.

ஹனோய், வெள்ளி

இன்னிக்கு வெயில் கொளுத்திடுச்சு. மச்சான் காலைல ஹோவான் கியெம் ஏரிய சுத்தி வந்து ஃபோட்டோவா எடுத்து தள்ளிட்டான், முட்டை காஃபி குடிச்சோம், நல்லா இருந்துச்சு, அத பத்தி வேற யாராவது எழுதுவாங்க.

பகல்ல அண்ணன் லன்ச் பிரேக்ல வந்தாரு. பதினோரு மணிக்கே கடைங்க ஃபுல்லா இருக்கும்னு முன்னாடி கேள்விப்பட்டிருந்தேன், இப்ப கொஞ்சம் மாறிடுச்சாம். 2019ல ஒரு மது தடுப்பு சட்டம் போட்டாங்க, கவர்மெண்ட் ஆளுங்க வேலை நேரத்துல, இடைவேளைல கூட குடிக்க கூடாது. அதே சட்டத்துல தான் குடிச்சுட்டு வண்டி ஓட்டறதுக்கும் ஜீரோ டாலரன்ஸ், 2020 ஜனவரி 1லேருந்து ஃபைன் எகிறிடுச்சு. ஒரு கிளாஸ் குடிச்சிருந்தாலும் மிஷின்ல காட்டினா மாட்டினோம், கொஞ்சம் தான் சார்ங்கற டயலாக்குக்கு எடமே இல்ல. ஸ்கூட்டர் இல்லாம மூச்சு விடாத ஊர்ல இத போட்டிருக்காங்க. அண்ணனே பீர் குடிக்கற நாள்ல வண்டிய வீட்ல விட்டுட்டு கிராப்ங்கற ஆப்ல பைக் டாக்ஸி புடிச்சு தான் வர்றாரு. பகல்ல அவரும் மச்சான் மாதிரி ஐஸ் டீ தான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வேற ஒரு எடம், இது பெரிய ஹால், தகர கூரை, மேல ராட்சச ஃபேன், எரநூறு பேர் உக்காரலாம். சத்தம்னா அப்படி ஒரு சத்தம். இங்க தான் அந்த கிளாஸ நிதானமா பாத்தேன். தடியா இருக்கு, லேசா பச்சையும் நீலமும் கலந்த கலர், கண்ணாடிக்குள்ள குட்டி குட்டி காத்து குமிழி, ரெண்டு கிளாஸ பக்கத்துல வெச்சா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, விளிம்பு ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கு. 1976ல லே ஹுய் வான்னு ஒரு டிசைனர் வரைஞ்சு குடுத்தது, அரை லிட்டர் கிளாஸ். யுத்தம் முடிஞ்ச மறு வருஷம், ஊர்ல எதுவுமே கிடைக்காத நேரம், உடைஞ்ச கண்ணாடிய உருக்கி கையால ஊதி செய்யற மாதிரி தான் பண்ண முடியும், பண்ணாங்க. நாம் தின் பக்கம் ஸோய் ட்ரீன்னு ஒரு கிராமத்துல இன்னும் கையால தான் செய்யறாங்க. இப்ப ஃபேக்டரில பளபளன்னு கிளாஸ் கிடைக்குதே, ஏன் மாத்தலன்னு அண்ணன கேட்டேன். "மாத்தினா எவன்டா வருவான்"னாரு.

பீரோட பூர்வீகமும் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது பிரெஞ்சுக்காரன் ஆரம்பிச்சு செக் நாட்டுக்காரன் எடுத்து குடுத்த கதை. 1890ல ஓம்மெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஹனோய்ல ப்ரூவரி போட்டாரு, இப்ப ஹோவாங் ஹோவா தாம் தெரு. பிரெஞ்சுக்காரங்க 1954ல கெளம்பினதும் ப்ரூவரி படுத்துடுச்சு. 1957ல செக்கோஸ்லோவாக்கியா ஆளுங்க வந்து உதவி பண்ணி திரும்ப ஓட்டி விட்டாங்க, 1958 ஆகஸ்ட்ல ட்ருக் பாக்ங்கற பேர்ல முதல் பாட்டில் வந்துச்சு. அந்த கம்பெனி தான் இன்னிக்கு ஹபேகோ, ஹனோய் பீர் அவங்களோடது. ஒரு காலத்துல சாதா ஜனம் பீர்ங்கறதயே நெனைக்க முடியாது, அப்பறம் ரேஷன் காலத்துல வரிசைல நின்னு வாங்கற பொருள், இன்னிக்கு முக்குக்கு முக்கு. பாட்டில், கேப், லேபிள், பாஸ்ச்சரைஸ் எதுவும் வேணாம், காலைல பேரல்ல வரும் ராத்திரிக்குள்ள காலி ஆகணும், அதனால தான் இவ்ளோ சல்லிசா குடுக்க முடியுது. மறு நாள் வெச்சா புளிச்சிடும், யாரும் வெக்கறதும் இல்ல, பேரல் தீந்தா கடைய எடுத்து வெச்சுட்டு போயிட்டே இருக்காங்க.

நான் டேபிள்ல உக்காந்து ஒரு கணக்கு போட்டேன். நம்ம ஊர்ல ஓடறது எல்லாம் ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில், லேபிள்ல 8 சதவீதத்துக்கு மிகாமல்னு போட்டிருக்கும், ஏழர வெச்சுக்கோங்க, அப்ப உள்ள சுத்த ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 49 மில்லி. இங்க அரை லிட்டர் கிளாஸ், மூன்றரை சதவீதம்னா 17.5 மில்லி. அதாவது நம்மாளு ஒரு பாட்டில அடிக்கறது இவங்க கிட்டத்தட்ட மூணு கிளாஸ் குடிக்கறதுக்கு சமம். இவங்க அந்த மூணு கிளாஸுக்கு ரெண்டு மணி நேரம், ஒரு தட்டு கடலை, ஒரு தட்டு டோஃபு (சோயா பனீர்), ஆஃபீஸ் அரசியல், பையனோட மார்க் எல்லாம் சேத்து முடிக்கறாங்க. நம்ம ஊர்ல பார்ல நின்னுட்டே பதினஞ்சு நிமிஷம், வாய்ல ஒரு ஊறுகாய், கெளம்பு. எங்க ஏரியா கடைல லைட் இருக்கான்னு கேட்டா "அதெல்லாம் யார் சார் கேக்கறா"ன்னு ஏற எறங்க பாப்பாங்க. கடைக்காரர தப்பு சொல்லி என்ன, குடுக்கற காசுக்கு ஏறணும்னு தான நம்மாளு வர்றான், உக்காந்து பேச வீட்டு திண்ணை இருக்கு டீக்கடை இருக்கு, குடிக்கற எடம்னா யாருக்கும் தெரியாம போயிட்டு வர்ற எடம். இங்க ரெண்டும் ஒரே எடம்.

சைடு டிஷ் பத்தி கண்டிப்பா சொல்லணும். முதல்ல வர்றது வேகவெச்ச வேர்க்கடலை, தோலோட, நம்ம பீச்ல விக்கறதே தான், உப்பு கம்மி. டோஃபுவ எண்ணெய்ல பொரிச்சு மேல வெங்காயத்தாள் போட்ட மீன் சாஸ் ஊத்தி தர்றாங்க, வெளில மொறுமொறு உள்ள பஞ்சு, எனக்கு இது தான் டாப். காஞ்ச கணவாய தணல்ல வாட்டி கையாலயே நார் நாரா கிழிச்சு மிளகா சாஸோட வரும், நம்ம கருவாடு வாசனை புடிச்சவங்களுக்கு சொர்க்கம், புடிக்காதவங்க காத்தடிக்கற திசைய பாத்து உக்காருங்க. நெம் சுவான்னு வாழை இலைல சுத்தின பச்சை பன்னி இறைச்சி, புளிக்க வெச்சது, உள்ள பூண்டும் மிளகாயும். பயந்துட்டே ஒண்ணு சாப்ட்டேன். புளிப்பா நல்லா தான் இருந்துச்சு, ஆனா ரெண்டாவது கேக்கல. கடலை தோல், டிஷ்யூ, எலுமிச்ச தோல் எல்லாம் டேபிளுக்கு கீழ தான் போடறாங்க, மச்சான் பாவம் ரொம்ப நேரம் கைலயே வெச்சுட்டு இருந்தான், கடைசில அவனும் போட்டுட்டான்.

ஹனோய், சனி

தா ஹியென் தெருவுக்கு போகாம வந்துடாதீங்கன்னு எல்லா ஊர் ட்ராவல் வீடியோலயும் சொல்றாங்க, போனோம். லுவாங் ங்கோக் குயென் தெருவும் அதுவும் வெட்டிக்கற முக்கு தான் ஃபேமஸ் பீர் கார்னர். ஒரு காலத்துல பியா ஹோய் தான் அங்க எல்லாமே, இப்ப பாதி எடத்துல டிஜே, மெனு கார்டோட ஆள் நம்ம கைய புடிச்சு இழுக்கறான், கேன் பீர் தான் தள்ளி விடறாங்க. கூட்டம், லைட்டு, எல்லா நாட்டு பசங்களும் இருக்காங்க, ஒரு தடவை பாக்கலாம், குடிக்கணும்னா நேத்து போன மாதிரி எடம் தான்.

ஆனா அங்க ஒரு காமெடி நடந்துச்சு. எட்டு மணி வாக்குல திடீர்னு ஒரு விசில், அடுத்த பத்து செகண்ட்ல ரோட்ல இருந்த அத்தனை ஸ்டூலும் காணோம். கடைக்காரங்க ஓடி வந்து நம்ம உக்காந்திருக்கறப்பவே ஏந்திரிங்கன்னு சொல்லி டேபிளோட தூக்கிட்டு உள்ள போறாங்க, நாங்க எல்லாம் கிளாஸ கைல புடிச்சுட்டு சுவத்தோட ஒட்டி நிக்கறோம், ஒரு வெள்ளக்காரம்மா ஒரு கைல பீர் ஒரு கைல கணவாய் தட்டு. வார்டு போலீஸ் வண்டி மெதுவா ஊர்ந்து போச்சு, ப்ளாட்பாரத்த அடைச்சு கடை போட கூடாதுன்னு ரூல். வண்டி முக்கு திரும்பினதும் மறுபடி ஸ்டூல் எல்லாம் பழைய எடத்துல. எங்க பக்கத்துல இருந்தவரு பேச்ச நிறுத்தவே இல்ல, நின்னுட்டும் அதே கதை, உக்காந்தும் அதே கதை.

மதியம் பூன் சா சாப்ட்டோம், வாட்டின பன்னி, சாஸ், சேமியா மாதிரி அரிசி நூடுல்ஸ். 2016 மே மாசம் ஒபாமாவும் டிவில சாப்பாட்டு ஷோ பண்ண ஆன்டனி போர்டெய்னும் உக்காந்து ஹனோய் பீர் பாட்டிலோட சாப்ட்டாங்களே அந்த கடை தான், அவங்க சாப்ட்ட டேபிள கண்ணாடி பெட்டிக்குள்ள வெச்சுருக்காங்க, ஒபாமா காம்போன்னே மெனுல இருக்கு. அமெரிக்க ஜனாதிபதி அந்த சின்ன ஸ்டூல்ல உக்காந்து பாட்டில்லயே குடிச்சாரு, நம்ம ஊர்ல ஒரு கவுன்சிலர் கைல பீரோட ஒரு ஃபோட்டோ வந்தா என்ன ஆகும்னு மச்சான் கேட்டான், ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

இங்க எல்லாம் லைட் பீர் தான அதனால எல்லாரும் அளவா குடிக்கறாங்கன்னு ரோஜாப்பூவா எழுதிடலாம், ஆனா அது பொய். ராத்திரி அண்ணனோட ஆஃபீஸ் கேங்கோட உக்காந்தோம். "மோத், ஹாய், பா, ஸோ!"ன்னு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி கிளாஸோட கிளாஸ் இடிக்கறாங்க, அது கூட பரவால்ல, "ட்ராம் ஃபன் ட்ராம்"னு ஒருத்தன் சொல்லிட்டா நூறு பர்சன்ட், கிளாஸ கவுத்து காட்டணும். குடிச்சு முடிச்சதும் கை குலுக்கறாங்க. பெரியவரோட இடிக்கறப்ப நம்ம கிளாஸ் விளிம்பு அவரோடத விட கொஞ்சம் கீழ இருக்கணும், அண்ணன் என் முழங்கைய தட்டி எறக்கினாரு. அங்கயும் அண்ணன், தம்பி, சித்தப்பான்னு உறவு வெச்சு தான் கூப்பிடறாங்க, அதனால சித்தப்பா நூறு பர்சன்ட் சொன்னா தம்பி எப்டி மாட்டேன்பான். 3 சதவீதமா இருந்தாலும் எண்ணிக்கை ஏறினா ஏறத்தான் செய்யும், அந்த டேபிள்ல ரெண்டு பேர் நல்லாவே ஆடினாங்க. வருஷத்துக்கு சுமார் 400 கோடி லிட்டர் பீர் குடிக்கற நாடு, அது சும்மா கடலைக்கு தொட்டுக்க குடிச்சு வர்ற கணக்கு இல்ல. குடும்பமா, ஜோடியா வந்தவங்களும் இருந்தாங்க தான், ஆனா முக்கு கடைல சாயங்காலம் பாத்தா இன்னமும் ஆம்பளைங்க ராஜ்யம் தான்.

நான் "ஐம்பது பர்சன்ட்"னு சொல்ல கத்துக்கிட்டேன், பாதி கிளாஸோட தப்பிக்கலாம், யாரும் கோச்சுக்கல. மச்சானுக்கு அதுவும் தேவைப்படல, டீ கிளாஸ தூக்கி இடிச்சான், அவனுக்கு தான் அதிக கை குலுக்கல்.

ரயில், அப்பறம் ஹுவே

ராத்திரி ரயில்ல ஏறி படுத்தோம், ஹனோய்லேருந்து ஹுவே 688 கிலோமீட்டர், பதிமூணு பதினாலு மணி நேரம். ஸ்லீப்பர் நம்ம ஏசி கோச் மாதிரி தான், கொஞ்சம் உயரம் கம்மி. தள்ளு வண்டில நூடுல்ஸ், முட்டை, சிப்ஸோட கேன் பீரும் வருது, எதிர் பெர்த்துல இருந்த தாத்தா ஒண்ணு வாங்கி ஜன்னல் ஓரமா வெச்சுட்டு ஒரு மணி நேரமா குடிச்சாரு, முடிச்சுட்டு கேன மடக்கி பையில போட்டுட்டு படுத்துட்டாரு. ரயில்ல பீர்னா நம்ம தலைல என்னென்ன படம் ஓடும், இங்க அது மோர் குடிக்கற மாதிரி போயிடுச்சு.

ஹுவே பழைய ராஜா ஊரு, கோட்டை, கல்லறை எல்லாம் மச்சான் ஆசை தீர பாத்தான், நானும் நடந்தேன், கால் போச்சு. இந்த ஊர் பீர் ஹுடா. 1990ல ஆரம்பிச்ச கம்பெனி, 1994ல டென்மார்க் கூட்டு சேந்துச்சு, இப்ப முழுசா கார்ல்ஸ்பெர்க் கைல. ஹனோய் பேரல் பீர விட கொஞ்சம் கெட்டி, ஆனாலும் லேசு தான். ஆத்தோரமா ஒரு கடைல அரிசி மாவுல சின்ன சின்ன கிண்ணத்துல வேகவெச்சு மேல எறால் பொடி தூவின பான் பேயோ வாங்கி, ஸ்பூனால வழிச்சு வழிச்சு தின்னுட்டே குடிச்சோம், குடிச்சேன்னு சொல்லணும். நம்ம ஆப்பத்தோட தூரத்து சொந்தம் மாதிரி இருந்துச்சு அந்த பண்டம்.

அப்ப தான் வீட்லேருந்து ஃபோன். மச்சான் ஸ்பீக்கர்ல போட்டான். "மாமா குடிக்கறாரா?" "தினமும் குடிக்கறாரு அக்கா." ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. "என்னடா சொல்ற, நல்லா தான பேசறாரு." "அதான் அக்கா, ஒண்ணும் ஆக மாட்டேங்குது, கடலை தான் நெறைய தின்றாரு." கேஸ் தள்ளுபடி.

டா நாங், ஹோய் ஆன்

ஹாய் வான் மலை ஓரமா ரயில் வளைஞ்சு வளைஞ்சு போற எடத்துல ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். அத ஜன்னல் பக்கம் உக்காந்து பாருங்க, ஃபோன்ல எடுக்காதீங்க, வராது.

இந்த பக்கம் எல்லாம் லாரூ, லேபிள்ல புலி. 1909லேருந்து இருக்கற பேரு, பிரெஞ்சுக்காரர் பேர்ல வந்தது, இப்ப ஹைனெக்கன் குரூப் தான் காய்ச்சறாங்க. கடற்கரைல மீன் கடை, நம்ம மெரினா மீன் வறுவல் கடை மாதிரி ஆனா மீன் உயிரோட தொட்டில நீந்துது, கைய காட்டினா அதுவே தட்டுல. குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்க, பாட்டி, பேரன், நடுவுல ஒரு ஐஸ் பக்கெட், அப்பா ரெண்டு கேன் குடிச்சுட்டு பையனுக்கு நண்டு உடைச்சு குடுக்கறாரு. இந்த காட்சிய நான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். எங்க அப்பா குடிச்சா அன்னிக்கு வீட்டுக்கு பின்வாசல் வழியா தான் வருவாரு, நாங்க எல்லாம் தூங்கற மாதிரி நடிப்போம், அவரும் நாங்க தூங்கறோம்னு நம்பற மாதிரி நடிப்பாரு.

ஹோய் ஆன் ஒரு ராத்திரி. விளக்கு, லாந்தர், படகு, கூட்டம், அழகு தான். பீர் விஷயத்துல புதுசா ஒண்ணும் இல்ல.

சைகோன்

தெற்கு வேற நாடு மாதிரி இருக்கு. பேர் ஹோ சி மின் சிட்டின்னு மாறினாலும் ஜனம் சைகோன்னு தான் சொல்லுது, பீர் பேரும் சைகோன் தான். இங்க முதல் அதிர்ச்சி, பீர்ல ஐஸ். கிளாஸ் பூரா ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி, அது மேல பீர ஊத்தி குடுக்கறாங்க. ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. ஆனா இந்த ஊர் புழுக்கத்துல வெளில உக்காந்து பாருங்க, கேன் அஞ்சு நிமிஷத்துல வெந்நி ஆயிடுது, அதுவும் இல்லாம சைகோன் லாகர் பாட்டில் 4.3 சதவீதம், ஐஸ் கரைய கரைய இன்னும் எறங்கிட்டே வந்து ராத்திரி முடியறப்ப கிட்டத்தட்ட ஹனோய் பேரல் கணக்குக்கு வந்துடுது. பொண்ணு ஒண்ணு வாளியோட சுத்திட்டே இருக்கு, கிளாஸ்ல கட்டி சின்னதானா இடுக்கியால எடுத்து வெளிய போட்டுட்டு புதுசு போடுது, நம்ம கேக்கவே வேணாம். ரெண்டாவது நாள் நானே ஐஸ் கேட்டேன்.

333ம் குடிச்சு பாத்தேன், பா பா பான்னு கேக்கணும். முன்னாடி வெறும் 33, 1975க்கு அப்பறம் இன்னொரு 3 சேந்துடுச்சு. 5.3 சதவீதம், இந்த ட்ரிப்புல குடிச்சதுல இது தான் தூக்கல். இத காய்ச்சற சபேகோ கவர்மெண்ட் கம்பெனியா இருந்துச்சு, 2017 கடைசில தாய்லாந்து ஆளுங்க பாதிக்கு மேல பங்க கிட்டத்தட்ட 480 கோடி டாலர் குடுத்து வாங்கிட்டாங்க. நம்ம டேபிளுக்கு வந்த கேன் எல்லாம் அந்த கணக்குல வருது.

மச்சானுக்காக ட்ருவோங் தின் தெரு மாரியம்மன் கோவிலுக்கு போனோம், நகரத்தாரும் நம்ம ஊர் வியாபாரிங்களும் இங்க இருந்த காலத்து கோவில். கும்புடறவங்க பாதிக்கு மேல வியட்நாம்காரங்க, கல்லு சுவத்துல நெத்திய ஒட்ட வெச்சுட்டு முணுமுணுன்னு வேண்டிக்கறாங்க. மச்சான் ரொம்ப நேரம் அங்கயே உக்காந்துட்டான்.

ராத்திரி நத்தை கடை. தெரு பூரா மேஜை, தேங்காப்பால்ல வேகவெச்ச நத்தை, பூண்டு வெண்ணெய்ல வதக்கின சிப்பி, ஊசியால குத்தி எடுக்கணும், அந்த தேங்காப்பால் சாறுக்கு சோறு இருந்தா போதும், கேட்டேன், ரொட்டி குடுத்தாங்க. இங்க கணக்கு முறை சூப்பர், டேபிளுக்கு கீழ ஒரு காலி கிரேட், குடிச்ச பாட்டில் எல்லாம் அதுல, கடைசில அக்கா வந்து குனிஞ்சு எண்ணி பில்லு போடறாங்க. சண்டையே வராதுன்னு நெனச்சேன், பக்கத்து டேபிள்ல வந்துச்சு, அவங்க கிரேட்ல எதிர் டேபிள் பாட்டிலும் கலந்துடுச்சு. ரெண்டு டேபிளும் சேந்து எண்ணி, திரும்ப எண்ணி, கடைசில சமாதானமாகி அந்த சந்தோஷத்துக்கு இன்னும் ரெண்டு பாட்டில் சொன்னாங்க.

நாளைக்கு காலைல ஃபிளைட். ஹனோய் போறவங்க சாயங்காலம் நாலு மணிக்கே போய் உக்காருங்க, ஏழு எட்டுக்கு மேல நல்ல கடைல பேரல் காலி ஆயிடும். பெரிய ஹோட்டல் இருக்கற தெருவ விட்டுட்டு ஆஃபீஸ் பக்கம், காலனி பக்கம் தேடுங்க, லோக்கல் ஆளுங்க யூனிஃபார்மோட உக்காந்திருந்தா அது தான் எடம். வெறும் வயித்துல வேணாம், டோஃபு சொல்லிட்டு அப்பறம் பீர் சொல்லுங்க. வண்டி வாடகைக்கு எடுத்திருந்தா அன்னிக்கு அத தொடாதீங்க, கிராப் தான்.

பியா ஹோய் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாடான்னு மெசேஜ் போட்டிருக்கற ஃப்ரெண்ட்ஸுக்கு, ஹனோய்ல வீட்டுக்கு பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சுட்டு போறாங்க தான், ஆனா அது ராத்திரி சாப்பாட்டுக்குள்ள குடிச்சுடணும், நம்ம ஊர் வர்றதுக்குள்ள புளிச்சிடும். ஏர்போர்ட்ல கேன் இருக்கும், அது வேற சரக்கு. டிக்கெட்ட போட்டு நீங்களே வந்து சேருங்கடா.